இரண்டு ஜீ போட்ட பெல்ட்

கிண்ணியா அபூதாஹிரைக் கேலி செய்ய ஊரில் எவரும் சிரமப்பட வேண்டியதில்லை. அந்த வேலையை அவரே முன்னின்று செய்துவிடுவார். திருகோணமலை அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் வேப்பமர நிழலில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு, இருபது வருஷத்துக்கு மேலாக ஊராருக்கு இங்கிலீஷில் மனுவும் பெட்டிசமும் எழுதிக் கொடுத்தவர் அவர். அந்த இங்கிலீஷை எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், கப்பல்துறை டொக்கியாட்டில் கயிற்று ஸ்டோரில் படித்தது, அதனால்தான் அங்கங்கே முடிச்சு விழுகிறது என்பார்.

அந்த முடிச்சுகளில் ஒன்று அவருடைய இடுப்பையே சுற்றிக்கொண்டது. அதைச் சொல்லத் தொடங்கினால் அவருக்கு வெட்கமே இல்லாமல் போய்விடும்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரர்களின் நேவி துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போக ஆயத்தமானது. அபூதாஹிருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். கயிற்று ஸ்டோரை வெறுமையாக்கும் வேலையில் அவரும் ஒருவர். சுவரோடு ஒட்டிக் கிடந்த ஓர் இரும்பு அலுமாரியை நகர்த்தியபோது அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு பெல்ட் விழுந்தது. தூசியைத் தட்டிவிட்டுப் பார்த்தார். புளியங்கொட்டை நிறம். இரண்டு தோலை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஓரம் முழுக்க எறும்பு வரிசை போலச் சின்னஞ்சிறு தையல். பக்கிள் வெறும் பித்தளை. நங்கூரம் இல்லை, கிரீடம் இல்லை, ஒரு கோடுகூட இல்லை. நான்கு மூலையும் மெல்ல உருண்டு, நடுவில் ஒரே ஒரு ஊசி. கையில் வைத்திருக்கும்போதே, இதைச் செய்தவன் அவசரப்படாத மனிதன் என்று தெரிந்தது.

மேற்பார்வைக்கு நின்ற வெள்ளைக்காரரிடம் அதை நீட்டினார். அவர் ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் நின்றவர். பெல்ட்டைப் பார்க்காமலே, வைத்துக்கொள் என்று இங்கிலீஷில் இரண்டே சொல் சொன்னார். தன் வாழ்நாளில் பிழையில்லாமல் விளங்கிக்கொண்ட இங்கிலீஷ் அந்த இரண்டு சொல்தான் என்பார் அபூதாஹிர்.

அவருடைய ஊரில் சாரனுக்கு மேல் கட்டுவது அகலமான பச்சைப் பெல்ட். பணப்பை, வெற்றிலைப்பை எல்லாம் அதிலேயே தொங்கும். இந்தப் பெல்ட் அப்படியல்ல. இதைக் கட்டினால் மனிதன் நேராக நிற்க வேண்டும். ஆனால் அபூதாஹிர் அந்த நாளில் தூண்டில் தடி மாதிரி இருந்தார். கடைசி ஓட்டையில் மாட்டினாலும் பெல்ட் வழுகி முழங்காலுக்கு வந்தது. ஆணியைக் காய்ச்சி இன்னோர் ஓட்டை போட்டால் முடிந்தது. அவ்வளவு அழகான தோலில் ஓட்டை போட அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு துவாயை நான்காக மடித்து இடுப்பில் சுற்றி, அதற்கு மேல் சாரனை உடுத்து, அதற்கு மேல் பெல்ட்டைக் கட்டினார். பெல்ட்டை மனிதனுக்கு அளவாக்குவார்கள், இவர் மனிதனைப் பெல்ட்டுக்கு அளவாக்கினார். அந்தப் புழுக்கத்தில் துவாய் பிழியப் பிழிய வியர்த்தது. ஒரு மாதம் அப்படித்தான் வேலைக்குப் போனார், தொழப் பள்ளிக்குப் போனார். சேட்டை உள்ளே சொருகிக்கொண்டு, யாராவது எதிரே வந்தால் காரணமில்லாமல் கையை மேலே தூக்கித் தலையைச் சொறிந்தார்.

அதைப் பார்த்தவர்களில் மிகவும் ஆசையோடு பார்த்தவர் குணரத்தினம். பாலையூற்றுக்காரர், டொக்கியாட்டில் நேவிக்காரர்களின் சலவை உடுப்புகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் கிளாக்கர். அபூதாஹிரைவிட இரண்டு வயது மூத்தவர். இருவரும் மத்தியானத்தில் ஒரே சுவரில் சாய்ந்திருந்து சாப்பிடுகிறவர்கள். சாப்பாடு முடியும் வரைக்கும் குணரத்தினத்தின் கண் பார்சலில் இருக்காது, பக்கிளில் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பெல்ட்டை இன்னும் அழகாக்குவோம் என்று அபூதாஹிர் தேங்காயெண்ணெய் தொட்டு உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் தேய்த்தார். அங்கேதான் வந்தது வினை. எண்ணெய் ஊறியதும் உள்பக்கத்தில் மங்கிப் போயிருந்த எழுத்துகள் கறுப்பாக மேலெழுந்தன. முதலில் ஓர் ஆர். ஒரு புள்ளி. பிறகு எச், ஓ, ஜீ, ஜீ.

வாசித்தார். ஹோக். ஹோக் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். மெஸ் குசினிக்கு வந்த பெட்டிகளில் அந்தச் சொல்லைப் பார்த்து, அது பன்றியிறைச்சி என்று தெரிந்து, பெட்டியைத் தொடாமல் காலால் தள்ளியவர் அவர். ஆனால் பெட்டியில் ஒரு ஜீ, இதில் இரண்டு ஜீ. சாதாரண ஆளாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பான். அபூதாஹிர் இங்கிலீஷ் தெரிந்தவர். இது இரட்டைத் தோல் பெல்ட், உள்ளே ஒன்று வெளியே ஒன்று, ஆகவே இரண்டு பன்றி, ஆகவே இரண்டு ஜீ என்று ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். முன்னால் நின்ற ஆர் எழுத்து? அது ரியல். அசல் பன்றி. ஏமாற்று வேலை இல்லை என்பதற்குக் கொம்பனி குத்திய முத்திரை.

ஒரு மாதம் பன்றித் தோலை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதுவும் வியர்வை ஊற ஊறக் கட்டிக்கொண்டு, பள்ளியில் முன்வரிசையில் நின்று தொழுதிருக்கிறார். ஈரத்தோடு பன்றி பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். கிணற்றடிக்குப் போனார். சாரன்கள், சேட்டுகள், அந்தத் துவாய், கடைசியில் தன் உடம்பு என்று வரிசையாக மண்ணில் புரட்டிப் புரட்டிக் கழுவினார். மனைவி சித்தி பரீதா குசினி வாசலில் நின்று பார்த்தாள். வெள்ளைச் சேட்டைச் சேற்றில் முக்குகிற மனிதரிடம் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. டொக்கியாட் வேலை போகப்போகிற கவலையில் இவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து, அன்று பகல் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துவிட்டாள்.

பெல்ட்டை எறிந்திருக்கலாம். கடல் பக்கத்தில்தான் இருந்தது. பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரைக்குப் போகும்போது கையை விட்டால் போதும். இரண்டு முறை அதற்காகவே கொண்டுபோய், அந்தப் பக்கிளை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. குணரத்தினம் முஸ்லிம் இல்லையே. அவருக்கு இதில் என்ன வந்தது?

அடுத்த நாள் பெல்ட்டைப் பேப்பரில் சுற்றி, நுனியில் பிடித்துக் கொண்டுபோய் குணரத்தினத்திடம் நீட்டினார். துறைமுக வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகப்போறீங்க, நல்ல பெல்ட் ஒண்டு இல்லாமப் போகக்கூடாது, எனக்கு மனசு கேக்கல்ல என்றார். பொய் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். அதைக் கேட்டு குணரத்தினத்துக்கும் கண் கலங்கியது. பேப்பரைப் பிரித்துப் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தையும் பார்த்தார். பேசாமல் கட்டிக்கொண்டார்.

அந்த வேலை குணரத்தினத்துக்குக் கிடைத்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. குணரத்தினம் நன்றி மறக்காதவர். கல்யாண வீடு, செத்த வீடு, கந்தோர், தேநீர்க் கடை, எங்கே நாலு பேர் கூடினாலும் எழும்பி நின்று பக்கிளைத் தொட்டுக் காட்டி, இது அபூதாஹிர் தன் இடுப்பில் கட்டியிருந்ததைக் கழற்றித் தந்தது என்று சொல்லத் தொடங்கினார். பேப்பரில் சுற்றிக் கொடுத்த கதை அதில் இல்லாமலே போய்விட்டது. அபூதாஹிர் பக்கத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அதைப் பார்த்தவர்கள் அவருக்கு அடக்கமும் இருக்கிறது என்றார்கள்.

அன்றிலிருந்து அவருக்குப் பிடித்தது சனி. இடுப்பில் கிடந்ததையே கழற்றிக் கொடுத்த மனிதர் ஏணியைத் தரமாட்டாரா என்று ஒருவர் வந்தார். ஏணி போனது. சைக்கிளைத் தரமாட்டாரா என்று ஒருவர் வந்தார். சைக்கிள் மூதூருக்குப் போய், திரும்பும்போது மணி மட்டும் நல்லபடி வந்தது. பெட்டிசம் எழுத வந்தவர்களில் பாதிப் பேர், கைம்பெண்களும் காணியிழந்தவர்களும், இவர் கூலி கேட்கமாட்டார் என்று கேள்விப்பட்டே வந்தார்கள். கேட்க எப்படி வாய் வரும்? முதல் ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். பிறகு கடிக்க மறந்துவிட்டார். பின்னாளில் வீட்டில் இருந்த குடையை யாரோ கேட்பதற்கு முன்னமே எடுத்து நீட்டியதைக் கண்டு அவருக்கே திடுக்கிட்டது. நல்ல மனிதனாவதற்கு மற்றவர்கள் நோன்பும் தொழுகையுமாகக் கஷ்டப்படுகிறார்கள், நான் ஒரு பன்றியால் ஆனேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

ஆனால் குணரத்தினத்தைக் காணும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு குறுகும். அந்த மனிதர் வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் தொடாதவர். கோவில் திருவிழாவென்றால் மாதக்கணக்கில் விரதம் இருப்பவர். அவர் அறியாமல் அவருடைய இடுப்பில் இரண்டு பன்றியைச் சுற்றிவிட்டு, அதற்கு அவரிடமே நன்றியும் வாங்கிக்கொண்டிருப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் குணரத்தினத்தின் மனைவி புஸ்பராணி அனுப்பும் மோதகமும் பழமும் தொண்டையில் சிக்கித்தான் இறங்கின. சொல்லிவிட வேண்டும் என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது நினைப்பார். ஆனால் சொன்னால் பெயர் போய்விடும். அந்தப் பெயர் அவருக்குப் பழகிவிட்டது.

எண்பதாம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் போகிற பாக்கியம் வந்தது. போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தெரிந்தவர், அயலவர், சண்டைக்காரர் என்று எல்லோருடைய வாசலுக்கும் போய், உங்களுக்கு நான் ஏதும் குறை செய்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர்தான் பொருந்திக்கொள்ள வேண்டும். அதைத் தீர்க்காமல் மக்காவில் போய் எவ்வளவு அழுதாலும் பயனில்லை. அபூதாஹிர் கிண்ணியா முழுக்க நடந்தார். இவர் சாதாரணமாகக் கேட்டார், அவர்களும் சாதாரணமாகப் பொருந்திக்கொண்டார்கள். சிலர் அந்தச் சாட்டில் இன்னொரு பெட்டிசமும் எழுதுவித்தார்கள். கடைசியாக மிச்சமிருந்தது பாலையூற்றில் ஒரே ஒரு வீடு. பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, வேறு வழியில்லாமல் அங்கே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குணரத்தினம் ஏதோ கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டு, நீளக் களிசானும் பெல்ட்டுமாக நின்றார். இருபத்துமூன்று வருஷத்தில் தோல் இன்னும் கறுத்து, பக்கிள் இன்னும் மெருகேறி, பார்க்க முன்னைவிட அழகாக இருந்தது. புஸ்பராணி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். அபூதாஹிர் வாய் திறப்பதற்குள் குணரத்தினம் முந்திக்கொண்டார்.

"அங்க அந்த வெள்ளைத் துணிக்கு மேல ஒரு பெல்ட் கட்டுவினமாம், தாஹிர். இதைக் கொண்டுபோங்கோ. உங்கட சாமான்தானே. நீங்கள் இதைக் கட்டிக்கொண்டு அங்க நிண்டால் எனக்கும் ஒரு புண்ணியம்."

மக்காவில், இஹ்ராம் துணிக்கு மேல், அசல் பன்றி. இதற்கு மேலும் தலையைக் குனிந்துகொண்டிருக்க முடியாது. அபூதாஹிர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"குணம், அத நான் விருப்பத்தில தரல்ல," என்றார். "அது பண்டித்தோல். உள்ளுக்குக் கிடந்த எழுத்த வாசிச்சுப் போட்டுத்தான் கொண்டுவந்து உங்கட தலையில கட்டினேன். விரதக்கார மனிசன்ட இடுப்பில அதக் கட்டிவிட்டு, நான் நல்ல மனிசனெண்டு பேரும் வாங்கிட்டேன். என்னப் பொருந்திக்கொள்ளுங்க."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. இந்த முறை குரல் தழுதழுக்கவில்லை. குணரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டார். மறுபடியும் கழற்றினார். புஸ்பராணி தட்டத்தோடு அப்படியே நின்றார்.

"ஹோக் எண்டது ஒரு ஆள்," என்றார் குணரத்தினம் கடைசியில். "ரொபட் ஹோக். கிழமைக்கு ஆறு சேட் சலவைக்குப் போடுற ஆள். ஒவ்வொரு கொலரிலயும் அவற்ற பேர் இதே மாதிரி இரண்டு ஜீ போட்டுக் குத்தியிருக்கும். எண்ணி எண்ணி எனக்குப் பாடம்."

இது எப்போது தெரியும் என்று அபூதாஹிர் கேட்டார். பேப்பரைப் பிரித்த அன்றைக்கே தெரியும், நீங்கள் அதை நுனியில் பிடித்து நீட்டிய விதத்திலேயே விஷயமும் விளங்கிவிட்டது என்றார் குணரத்தினம். அதை செருப்பு, சப்பாத்துத் தைக்கிற ஒருவரிடம் காட்டியும் கேட்டாராம். நல்ல மாட்டுத்தோல்.

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னால் திருப்பிக் கேட்டிருப்பியள்."

குணரத்தினம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். பண்டியெண்டால் உங்களுக்குக் கரைச்சல், மாடெண்டால் எனக்கெல்லோ கரைச்சல், நான் அதைக்கூட யோசிக்கவில்லை, அவ்வளவு ஆசை என்றார். ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்ததும், புகழ்ந்தால் திருப்பிக் கேட்க வாய் வராது என்றுதான். இப்போது கொண்டுபோங்கோ என்றதும், நீங்கள் தொடமாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான். "நீங்கள் இப்பிடி வந்து அழுவீங்கள் எண்டு தெரியாது. நீங்கள்தான் என்னைப் பொருந்திக்கொள்ள வேணும், தாஹிர்."

அபூதாஹிர் கேட்பதற்குத்தான் இருபத்துமூன்று வருஷமாகத் தயாராகியிருந்தார். கொடுப்பதற்கு ஒரு நிமிஷம்கூடத் தயாராகவில்லை. அவருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சேற்றில் முக்கிய வெள்ளைச் சேட், மூதூருக்குப் போன சைக்கிள், விழுங்க முடியாத மோதகம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை வருஷமும் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். நாலு நாளில் மக்காவுக்குப் போகிறவர், ஊரிலேயே தாராள மனம் படைத்தவர் என்று பெயரெடுத்தவர், ஒரு பெல்ட்டைப் பொருந்திக்கொள்ள முடியாமல் வாயை இறுக்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். தேத்தண்ணீர் ஆறிப்போனது. புஸ்பராணிதான் பொறுக்காமல், வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன வாருக்கு இரண்டு கிழவர்கள் இப்படி முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்களே என்று ஏசினார்.

"பொருந்திட்டேன்," என்றார் அபூதாஹிர். "பெல்ட்டக் கழட்டுங்க."

குணரத்தினம் கழற்றினார். மனமில்லாத கையென்பதால் நேரம் எடுத்தது. பிறகு களிசானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாண வீட்டுக்கு அன்று அவர் சணல் கயிறு கட்டிக்கொண்டு போனார் என்றும், சேட்டை வெளியே விட்டு அதை மறைத்தார் என்றும் பிறகு கேள்வி. அபூதாஹிர் வீட்டுக்கு வந்து கட்டிப் பார்த்தார். வயிறு வைத்திருந்தது. இப்போது துவாய் தேவைப்படவில்லை.

மக்காவில் அதைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். ஹாஜிகள் கூடும் அரபாப் பெருவெளியில் நடு வெயிலில், ஊரில் தங்களுக்காகப் பிரார்த்தித்துத் துஆக் கேட்கச் சொன்னவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏணி வாங்கியவர், சைக்கிள் வாங்கியவர், பெட்டிசக் கைம்பெண்கள், எல்லாப் பெயரும் வந்தன. குணரத்தினத்தின் பெயர் மட்டும் நாக்கில் நின்றுவிட்டது. பாலையூற்றில் சொன்னது வாயால் சொன்னது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தோல் வெயிலில் சூடேறி இடுப்பில் அழுத்தியது. அது வளைந்திருந்தது அவருடைய வளைவில் அல்ல, குணரத்தினத்தின் வளைவில். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மறுபடியும் கோபம் வந்தது. கூடவே, அந்த ஒரு வார்த்தையைத் தானுந்தான் இருபத்துமூன்று வருஷமும் சொல்லவில்லை என்பதும் வந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரித் திருடர்கள். ஒருவர் பெல்ட்டை வைத்துக்கொண்டார், மற்றவர் பெயரை வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு பெயர் வந்தது. பெயரோடு அழுகையும் வந்தது. பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் ஒருவர், இந்த மனிதர் தன் பாவங்களை நினைத்து அழுகிறார் என்று எண்ணித் தானும் அழுது ஆமீன் சொன்னார். குணரத்தினத்தைத் தான் உண்மையாகப் பொருந்திக்கொண்டது அந்த இடத்தில்தான் என்று அபூதாஹிர் சொல்வார். பாலையூற்றிலிருந்து அரபாவுக்கு அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.